டிசென்ட்: ‘மாறுகொள்’ சரிவருமா?

‘டிசென்ட்’ (dissent) என்ற ஆங்கில வினைக்குத் தமிழில் ‘மாறுபடு’ போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இருவர் சமமாக நின்று கருத்து வேறுபட்டால் அது ‘டிஸ்அக்ரீ’ (disagree). அதற்கு மாறுபடு பொருந்தும். டிசென்ட்டுக்கோ முதலில் ஒரு முடிவு வேண்டும்: பெரும்பான்மைத் தீர்ப்பு, குழுவின் அறிக்கை, அரசு ஏற்ற சமயக் கொள்கை. அந்த முடிவு நிற்கும். ஏற்காதவர் தம் காரணத்தைச் சொல்லிவிட்டுத் தனியே நிற்பார். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசுத் திருச்சபைக்கு வெளியே வழிபட்ட புராட்டஸ்டண்டுகளுக்கு ‘டிசென்டர்’ என்ற பெயர் வந்தது இப்பொருளில்தான்.

‘இசையாமை’ கவர்ச்சியான பரிந்துரை. அசென்ட் (assent), கன்சென்ட் (consent), டிசென்ட் மூன்றும் ‘உணர், கருது’ எனப் பொருள்படும் ஒரே லத்தீன் வினையில் பிறந்தவை. இசைவு, இசையாமை என்ற இணை அந்த உறவைக் காட்டிவிடுகிறது. ஆனால் கூட்டுச் சொத்தை விற்கப் பங்காளி ஒருவர் இசையாவிட்டால் விற்பனையே நின்றுபோகும். டிசென்ட் எதையும் நிறுத்துவதில்லை. செய்தித்தாள்களின் ‘அதிருப்தியாளர்’ இன்னும் மோசம். கொள்கைக்காகப் பிரிந்து நிற்பவரையும் பதவி கிடைக்காமல் முகம் சுளிப்பவராக்கிவிடுகிறது.

நன்னூல் எழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் கருத்துநிலைகளை, அடுக்கும்போது கடைசியாகச் சொல்வது, பிறிதொடு படாமல் (பிறர் கொள்கையோடு சேராமல்) தன்மதம் கொள்வதை. டிசென்ட்டுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. இன்று மதம் என்றாலே சமயம் என்றாகிவிட்டதால் ‘தன்மதம்’ உதவாது. அதே நூற்பாவில் ‘இருவர் மாறுகோள்’ (இருவர் ஒருவருக்கொருவர் மாறுபட்ட கருத்துக் கொள்வது) வருகிறது; அதை எடுத்துக்கொள்ளலாம். வினை ‘மாறுகொள்’. பெரும்பான்மைத் தீர்ப்போடு ஒரு நீதிபதி மாறுகொண்டார்; மாறுகோள் தீர்ப்பு, மாறுகோள் குறிப்பு, மாறுகோளர். ஆங்கிலத்தில் ‘டிசென்ட் ஃபிரம்’ (dissent from) என்று வருகிறதே என ‘தீர்ப்பிலிருந்து மாறுகொண்டார்’ என எழுதவேண்டியதில்லை.

‘மாறுகொளக் கூறல்’ நன்னூல் சொல்லும் பத்து நூற்குற்றங்களில் ஒன்றாயிற்றே என்று கேட்பீர்கள். அது தன் கூற்றைத் தானே மறுப்பது. இங்கே மறுக்கப்படுவது பிறர் முடிவு. எனக்கு உறுத்துவது வேறு: நன்னூலின் மாறுகோளில் இருவரும் சமம். சிறுபான்மை என்ற பொருளை நாம்தான் ஏற்றவேண்டும். தீர்ப்பு, குறிப்பு போன்ற சொற்களோடு சேர்த்து வழங்கினால் அது படிந்துவிடும் என்று நம்புகிறேன். ‘கோள்’ என்றதும் கோள்மூட்டுதல் நினைவுக்கு வருமோ என்பதையும் சொல்லுங்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பெரும்பாலும் ‘மரியாதையுடன்’ என்ற அடையோடுதான் டிசென்ட்டை முடிப்பார்கள். அந்த அடை இல்லாவிட்டால் கோபம் என்று படிக்கப்படும். ‘பணிவுடன் மாறுகொள்கிறேன்’, வெறும் ‘மாறுகொள்கிறேன்’: இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வேறுபாடு கேட்கிறது.