எராஸ்மஸில் பார்சிலோனா வந்தேன், இரண்டு பாடம் கட்டலானில் நடக்கிறது. என்ன செய்யலாம்?

கேள்வி:
ஜெர்மனியில் பொருளாதாரம் இளநிலை படிக்கிறேன். இந்த செமஸ்டர் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஸ்பெயினின் பார்சிலோனாவில். ஸ்பானிஷ் பி1 (இடைநிலை) முடித்துவிட்டுத்தான் வந்தேன். எடுத்த ஐந்து பாடங்களில் இரண்டு இந்தப் பகுதியின் மொழியான கட்டலானில் நடக்கின்றன. ஸ்லைடைப் படித்தால் ஓரளவு புரிகிறது, பேராசிரியர் பேச ஆரம்பித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. வகுப்பிலேயே கையைத் தூக்கி ஸ்பானிஷில் நடத்தச் சொல்லிக் கேட்கலாமா? பாடங்களை விட்டால் செமஸ்டருக்கு வேண்டிய 30 கிரெடிட் வராது. இப்போது இரண்டாவது வாரம்.

பதில் 1:
கேட்காதீங்க தங்கச்சி. அந்த வகுப்புக் குழுவுக்குக் கட்டலான் என்று முன்கூட்டியே அறிவித்திருப்பார்கள், அதைப் பார்த்துச் சேர்ந்த உள்ளூர்ப் பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். நடுவில் மாற்றச் சொன்னால் பேராசிரியருக்குத்தான் சங்கடம். பாடத்தின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்று மொழி போட்டிருக்கும். ஒரே பாடத்துக்கு ஸ்பானிஷ் குழுவோ ஆங்கிலக் குழுவோ தனியாக இருக்கலாம். இருந்தால் இன்றைக்கே துறை அலுவலகத்தில் மாற்றம் கேளுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. இன்னொன்று: வகுப்பு எந்த மொழியில் நடந்தாலும் தேர்வை ஸ்பானிஷில் எழுதலாம். பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவில் இரண்டுமே ஆட்சி மொழி, எதில் எழுதுவது என்பது மாணவர் உரிமை. பேராசிரியரைத் தனியாகச் சந்திக்கும் நேரத்திலும் ஸ்பானிஷில் பேசினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எனக்கு அப்படித்தான் பாதிப் பாடம் புரிந்தது.

படித்தால் புரிந்து, கேட்டால் புரியாததற்குக் காரணம் உண்டு. பார்சிலோனாப் பேச்சில் அழுத்தம் விழாத 'அ', 'எ' இரண்டும் ஒரே மங்கலான ஒலியாகிவிடும், 'ஒ' வந்தால் 'உ' ஆகிவிடும். இது காதுக்குப் பிடிபட்டதும் பாதிச் சிக்கல் தீரும். 'பார்லா.கேட்' தளத்தில் கட்டலானை நீங்களாகவே இலவசமாகப் படிக்கலாம். தினமும் கட்டலான் வானொலிச் செய்தியும் கேளுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும்.

பதில் 3:
அடுத்து வருகிறவர்களுக்கு: வலென்சியா, பால்மா போனாலும் இதே கதை வரலாம். ஸ்பானிஷ் மட்டும் போதும் என்றால் சலமான்கா, கிரனாடா, மாட்ரிட் பக்கம் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி! ஒரு பாடத்துக்கு மாலையில் ஸ்பானிஷ் குழு இருந்தது, மாறிவிட்டேன். இன்னொன்றுக்குக் கட்டலான் குழு மட்டும்தான். அதை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்தால் ஜெர்மனியில் ஏற்பார்களா?

பதில் 1:
அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். எந்தப் பாடங்கள் எடுப்பீர்கள் என்று எழுதிய படிப்பு ஒப்பந்தத்தில் மாற்றம் வேண்டுமென்றால் செமஸ்டர் தொடங்கி ஐந்து வாரத்துக்குள் கேட்க வேண்டும் என்பது எராஸ்மஸ் வழிமுறை, பல்கலைக்கழகத்தின் கெடு இன்னும் முன்னதாகக்கூட இருக்கும். நீங்கள், ஜெர்மனி, பார்சிலோனா என மூன்று தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் செல்லும். மின்னஞ்சலிலோ வாய்மொழியாகவோ சரி என்றார்கள் என்று விட்டுவிடாதீங்க, ஒப்பந்தத்திலேயே ஏறட்டும். பழைய பாடத்தின் பதிவையும் இங்கே ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் மதிப்பெண் பட்டியலில் 'தேர்வுக்கு வரவில்லை' என்று விழும்.