விமானப்படைக்காரர் ஓட்டினால் நமக்குக் கூடுதல் பத்திரமா?

நங்கநல்லூர் மாடிவாசி:
போன வாரம் அப்பாவோடு கோவையிலிருந்து விமானத்தில் வந்தேன். சென்னையில் நல்ல மழை. தரையைத் தொடப் போகிற நேரத்தில் விமானம் சட்டென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டது. பின்வரிசைப் பாட்டி "முருகா முருகா" என்று ஆரம்பித்துவிட்டார். இருபது நிமிடம் சுற்றி, இரண்டாவது முறை இறங்கினோம். வெளியே வரும்போது கதவருகே நின்ற கேப்டனிடம் அப்பா பேச்சுக் கொடுத்தார். விமானப்படையில் 20 ஆண்டுகள் போர் விமானம் ஓட்டியவராம். வீடு வரும்வரை அப்பாவுக்கு அதே பேச்சுதான்: "பட்டாளத்து ஆள். அதனால்தான் அந்த மழையிலும் தைரியமாக இறக்கினார்."

எனக்கும் அப்படித்தான் படுகிறது. நியூயார்க்கில் பயணிகள் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் பிழைக்க வைத்த கேப்டன் சல்லன்பெர்கரும் ஃபேன்டம் போர் விமானம் ஓட்டிய விமானப்படைக்காரர்தானே? மாற்றுக் கருத்து உண்டா?

சிபிஎல் கடன்காரன்:
உண்டு. அந்தக் கேப்டன் செய்த நல்ல காரியம் இரண்டாவது முறை இறக்கியது இல்லை சார், முதல் முறை இறக்காமல் விட்டது. அதற்குக் கோ-அரவுண்ட் என்று பெயர். குறிப்பிட்ட உயரத்துக்கு வருவதற்குள் வேகம், சரிவு, ஃபிளாப்ஸ் என்கிற இறக்கை மடிப்புகள் எல்லாம் ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் மேலே போக வேண்டும். இதில் வீரத்துக்கு வேலையே இல்லை.

சல்லன்பெர்கர் படையை விட்டது 1980இல். ஆற்றில் இறக்கியது 2009 ஜனவரி 15. நடுவில் 29 ஆண்டுகள் பயணிகள் விமானம் ஓட்டினாரே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

நான் அம்பத்தூர் வீட்டை அடமானம் வைத்து, 200 மணி நேரம் பறந்து சிபிஎல் என்கிற வணிக விமானி லைசென்ஸ் வாங்கியவன். இன்னும் வேலை கிடைக்கவில்லை. வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரி வரிகட்டி:
நம் வரிப்பணத்தில் பயிற்சி எடுத்துவிட்டுத் தனியாருக்கு ஓடுகிறார்கள். அதைப் பற்றி யாரும் பேச மாட்டீர்களே!

தாம்பரம் சார்ஜென்ட் (ஓய்வு):
வரிகட்டி சார், 20 ஆண்டுகள் முடித்தால்தான் பென்ஷன். ஷார்ட் சர்வீஸ் என்கிற குறுகிய காலப் பணியில் பறப்பவருக்கு 14 ஆண்டுகள், அப்புறம் பென்ஷன் இல்லாமல் வெளியே. முப்பத்தாறு, முப்பத்தேழு வயதில் அவர் என்ன இட்லிக் கடையா போட வேண்டும்?

கடன்காரன் தம்பிக்கு வருகிறேன். தாம்பரத்தில் விமானப் பயிற்றுநர்களுக்கே பயிற்சி கொடுக்கும் பள்ளி இருக்கிறது. அங்கே ஏர்ஃபிரேம், அதாவது விமான உடம்பைப் பராமரிக்கும் வேலை பார்த்தவன் நான். விமானிகள் ஏறுவதற்கு முன் எஃப்-700 என்ற பராமரிப்புப் பதிவேட்டில் என் கையெழுத்தைப் படிப்பார்கள். படித்துவிட்டு என் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பார்கள், ராத்திரி தூங்கினேனா என்று. அந்தப் பழக்கம் பணம் கட்டிப் படிக்கிற இடத்தில் வருமா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கிக் கிடந்தபோது பயணிகள் விமானங்கள் எங்கே இறங்கின? அரக்கோணம் கடற்படைத் தளத்தில்.

சிபிஎல் கடன்காரன்:
ரன்வே கொடுத்தீர்கள், நன்றி ஐயா. விவாதம் ரன்வே பற்றியது இல்லையே.

1999 டிசம்பர் 22, லண்டன் பக்கத்து ஸ்டான்ஸ்டெட். கொரிய சரக்கு விமானம், 747. கேப்டன் முன்னாள் விமானப்படை அதிகாரி. கிளம்பியதும் அவர் பக்கத்துக் கருவி விமானத்தின் சாய்வைச் சரியாகக் காட்டவில்லை. துணை விமானியின் கருவி சரியாகக் காட்டியது. ஆனால் அவர் வாயே திறக்கவில்லை. ஃப்ளைட் இன்ஜினியர் சாய்கிறது, சாய்கிறது என்று சொல்லிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நாலு பேரும் போனார்கள்.

நம் ஊருக்கு வாருங்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. கேப்டன், பயிற்சியில் சிறந்தவருக்குக் கொடுக்கும் ஸ்வோர்ட் ஆஃப் ஆனர் வாங்கிய முன்னாள் போர் விமானி. எழுதக் கை கூசுகிறது, ஏனென்றால் அவரும் போய்விட்டார். அன்றும் மழை. அங்கேயும் முதல் முறை மேலே போனார்கள். இரண்டாவது முறை பாதி ரன்வே தாண்டித் தரை தொட்டது. துணை விமானி கோ-அரவுண்ட் என்று சொல்லியும் மேலே போகவில்லை. விமானம் ரன்வே முடிவைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 21 உயிர். விசாரணை அறிக்கையே அப்படித்தான் சொல்கிறது.

தாம்பரம் சார்ஜென்ட் (ஓய்வு):
அதே அறிக்கையில் கேப்டன் பக்கத்து வைப்பர் சரியாக ஓடவில்லை என்றும் இருக்கிறது. மறுநாள் காலை விமானத்துக்குப் போதுமான கேப்டன்கள் அங்கே இல்லை, அதனால் எப்படியாவது இறங்க வேண்டிய நெருக்கடி என்றும் இருக்கிறது. அதையும் சேர்த்துப் படி தம்பி.

இன்னொன்று. படைக்காரன் என்றதும் எல்லோருக்கும் ஒற்றை இருக்கைப் போர் விமானம்தான் ஞாபகம் வருகிறது. ஏஎன்-32, ஐஎல்-76 மாதிரிப் போக்குவரத்து விமானங்களை ஓட்டுபவர்கள் தனியாளாகவா பறக்கிறார்கள்? அரக்கோணத்தில் நிற்கும் பி-8ஐ கடற்படைக் கண்காணிப்பு விமானம், பயணிகள் விமானமான போயிங் 737 உடம்பில் கட்டியதுதான்.

வெளிநாட்டுக் கதை வேண்டுமென்றால் 1989 ஜூலை 19, அமெரிக்காவின் சூ சிட்டி. டிசி-10 பயணிகள் விமானத்தைத் திருப்ப உதவும் மூன்று ஹைட்ராலிக்கும் போய்விட்டது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். கேப்டன் ஹேன்ஸ் முன்னாள் மரைன் படை விமானி.

சிபிஎல் கடன்காரன்:
ஐயா, எனக்குச் சாதகமாக நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். அன்று பயணியாக வந்த ஒரு பயிற்றுநர் விமானியை ஹேன்ஸ் உள்ளே விட்டு, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இரண்டையும் அவர் கையில் கொடுத்தார். காக்பிட்டில் எல்லோரையும் பேசவிடும் சிஆர்எம் பயிற்சிதான் காப்பாற்றியது என்று கடைசிவரை ஊர் ஊராகச் சொன்னவரும் அவர்தான்.

பல்லாவரத்து மகள்:
படிக்க மட்டும்தான் வருவேன், இன்று சும்மா இருக்க முடியவில்லை. என் அப்பா போர் விமானி. விங் கமாண்டராக வெளியே வந்து, 44 வயதில் பயணிகள் விமான லைசென்ஸ் பரீட்சைக்காக ஏர் ரெகுலேஷன் (விமான விதிகள்) புத்தகத்தோடு உட்கார்ந்தார். அப்போது நான் பிளஸ் டூ. வீட்டில் இரண்டு பேருக்குப் பரீட்சை, அம்மா டிவியையே மூடிவிட்டார்.

அப்புறம் ஏர்பஸ் பயிற்சி. காக்பிட் முழுவதையும் அச்சடித்த போஸ்டரைப் படுக்கையறைச் சுவரில் ஒட்டி, முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் அப்பா, பக்கத்தில் நான். அவர் "ஃபிளாப்ஸ் ஒன்" என்று சொல்ல வேண்டும். நான் வேகத்தைப் பார்த்து "ஸ்பீட் செக்ட்" என்று சொல்லி, லீவர் படத்தில் கை வைக்க வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. அப்பாவுக்கு வரவே இல்லை. சொல்வதற்கு முன்பே அவர் கை லீவருக்குப் போய்விடும். 20 ஆண்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்த கை. இரண்டாவது வாரம் நான் ஸ்கேல் எடுத்து வைத்துக்கொண்டேன். நாற்பத்து நாலு வயது விங் கமாண்டரின் புறங்கையில் தினமும் ஏழெட்டு அடி.

கடன்காரன் சொல்வது பாதி சரி. அந்தக் கையை மாற்றத்தான் அப்பா மிகவும் கஷ்டப்பட்டார். இறக்குவது ஏற்றுவது எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சார்ஜென்ட் ஐயா சொல்வதும் சரி, மாற வேண்டும் என்றதும் அடம் பிடிக்காமல் உட்கார்ந்ததற்குப் படைதான் காரணம்.

அப்பா துணை விமானியாக வேலைக்குச் சேர்ந்தபோது, கூட ஓட்டிய கேப்டனுக்கு 31 வயது. விங் கமாண்டர் ஆயிற்றே என்று "சார், சார்" என்று கூப்பிட்டிருக்கிறார். அப்பா முதல் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டார். "சார் என்று கூப்பிட்டுப் பழகினால், நான் தப்புப் பண்ணும்போது உங்களுக்கு வாய் வராது" என்றாராம்.

சிபிஎல் கடன்காரன்:
சரி, உங்கள் அப்பாவை ஒத்துக்கொள்கிறேன். எல்லோரும் மகளிடம் ஸ்கேலால் அடி வாங்கிவிட்டு வருவதில்லையே.

தாம்பரம் சார்ஜென்ட் (ஓய்வு):
பணம் கட்டிப் படித்தவர்களை மட்டும் யார் அடித்தார்கள்?

நங்கநல்லூர் மாடிவாசி:
அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "அதையேதான் நானும் சொன்னேன்" என்கிறார்.

சிபிஎல் கடன்காரன்:
பல்லாவரத்துச் சகோதரி, அந்த போஸ்டர் இன்னும் இருக்கிறதா? ஒரு நிறுவனத்தில் சிமுலேட்டர் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பல்லாவரத்து மகள்:
இருக்கிறது. கீழ் மூலையைக் கரையான் தின்றுவிட்டது, லீவர் எல்லாம் பத்திரம். வெள்ளிக்கிழமைச் சந்தைப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேல் வேண்டுமானால் அதுவும் தருகிறேன்.