டவர் கிடைக்காத ஊரில் ஆப்பில் வருகைப் பதிவு: உங்கள் பக்கம் எப்படி?

மலைக்காட்டுக்காரி:
கல்வராயன் மலையில் நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். 2023 ஜனவரி 1 முதல் வருகைப் பதிவை என்.எம்.எம்.எஸ். என்கிற அரசாங்க செல்போன் ஆப்பில்தான் போட வேண்டும் என்று நாடு முழுக்கக் கட்டாயமாக்கினார்கள் இல்லையா, அதுவரைக்கும் என்.எம்.ஆர். என்கிற வருகைப் பெயர்ப்பட்டியலைப் பேப்பரில் எடுத்துப்போய்க் கையெழுத்தோ ரேகையோ வாங்கினால் போதும். ஆப் வந்ததும் காலையில் ஒரு போட்டோ, நாலு மணி நேரம் கழித்து இன்னொன்று, இரண்டிலும் இடம் பதிவாகணும். நெட் இல்லாமலும் எடுக்கலாம், அப்புறம் சிக்னல் கிடைக்கிற இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். சரி, அன்றைய பெயர்ப்பட்டியல் போனில் இறங்கியிருந்தால்தானே எடுக்க முடியும்?

ஆட்களை ஓடையோரம் நிறுத்திவிட்டுப் பாறை மேல் ஏறுவேன். அங்கே ஒரு கோடு சிக்னல் வரும், கையைக் கொஞ்சம் இறக்கினால் போய்விடும். கீழே வயசானவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அளந்து விட்ட மண்ணைச் சீக்கிரம் வெட்டி முடித்தவர்களும் வீட்டுக்குப் போக முடியாது, இரண்டாவது போட்டோவுக்குக் காத்துக் கிடக்கணும். அது ஏறவில்லை என்றால் கூலியில் கை வைத்துவிடுவார்கள். ஒரு பாட்டி, “நீதானே சாமி போட்டோ பிடிச்ச, அது எங்க போச்சு?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? போன் என்னுடையது, டேட்டாவும் என் காசு, அது வேற கதை.

நெட் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அது வந்து சேரும் முன்னே பேப்பரை ஏன் பிடுங்கினார்கள் என்பதுதான் என் ஆத்திரம்.

கடைக்காரத் தம்பி:
அக்கா, நான் மலையடிவாரத்தில் ரேஷன் கடை விற்பனையாளர். ரேகை வைக்கிற மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு கடையை விட்டு ரோட்டுக்கு வருவேன், வரிசையும் பின்னாலேயே வரும். வருஷக்கணக்கில் களை பிடுங்கிய கையில் ரேகை தேய்ந்திருக்கும், அது ஒரு பக்கம். சர்வர் கிடைக்காதது இன்னொரு பக்கம். வரிசையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், “ரேகை விழல” என்று தன் விரலைத்தான் திட்டிக்கொள்வார். பல தடவை வைத்தும் வரவில்லை என்றால் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டு அரிசியைப் போட்டு அனுப்பிவிடுவேன். எழுதிக் கொடுக்க அந்த நோட்டு இருப்பதால்தான் என்னால் ஊருக்குள் தலைகாட்ட முடிகிறது.

சமவெளி:
மலையில்தான் இந்தப் பாடு என்று நினைக்க வேண்டாம். 2011ல் தொடங்கி 2015ல் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாயத்துகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகத்தான் வந்தது. எங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் பெட்டி மாட்டினார்கள், பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். அப்புறம் ரோட்டை அகலப்படுத்த வந்த பொக்லைன் கேபிளை அறுத்துவிட்டது. யார் ஒட்டுவது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுகிறார்கள். கேபிள் போட டெண்டர் விடுகிறார்கள், அறுந்தால் மறுநாளே ஆள் வர ஏற்பாடு இல்லை. விளக்கு எரிந்த காலத்திலும் ஆபீஸைப் பூட்டினால் நெட்டும் உள்ளேதான், தெருவுக்கு வந்ததே இல்லை.

மலைக்காட்டுக்காரி:
அதேதான். சிக்னலே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 2022ல் 26,316 கோடி ஒதுக்கினார்களே, அதைக் கேட்டு எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பக்கத்து ஊரில் டவர் இருந்தும் மழைக்காலத்தில் கரண்ட் போனால் பேட்டரி தீரும் வரைதான் சிக்னல், அப்புறம் பழையபடி பாறைதான்.

தம்பி, உங்களுக்காவது நோட்டு இருக்கிறது. எங்களுக்கு ஆப்பில் ஏறாத நாளுக்கு மாவட்ட அளவில் அனுமதி வாங்கித்தான் கையால் பதிவு போட முடிந்தது, வழி இருந்ததே பலருக்குத் தெரியாது. இந்த வேலையில் இருக்கிறவர்கள் யாராவது படித்தால் ஒன்று செய்யுங்கள்: அப்லோட் சுற்றிக்கொண்டே நிற்கும்போது தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றைக்கே மனுவோடு கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் தள்ளிப் போனால் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.