நேபாளக் குழந்தைகள் இல்லத்தில் நான்கு வாரம் தன்னார்வப் பணி: போகலாமா?

மலர்விழி:

வணக்கம். லண்டனில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கோடை விடுமுறையில் நான்கு வாரம் லலித்பூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒரு ஏஜென்சி இடம் தருகிறது. 5 வயது முதல் 14 வயது வரை 22 பிள்ளைகள், எல்லோருமே அப்பா அம்மா இல்லாதவர்கள் என்கிறார்கள். முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். சுற்றுலா விசா போதும், சான்றிதழ் எதுவும் தேவையில்லையாம். நான் என்னென்ன விசாரிக்க வேண்டும்? பிள்ளைகளுக்கு என்ன வாங்கிப் போகலாம்?

கார்த்திகேயன்:

முன்பணத்தைக் கட்டாதீர்கள் சகோதரி. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

முதலில் விசா. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் வருபவர் வேலை செய்யக்கூடாது. சம்பளம் வாங்காத வேலையும் இதில் அடக்கம். இது தெரியாத ஏஜென்சி இருக்க வாய்ப்பில்லை. தெரிந்தே சட்டத்தை மீறச் சொல்பவர்கள் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஒழுங்காக நடப்பார்களா?

சான்றிதழ் அடுத்தது. பிரிட்டனிலிருந்து வெளிநாட்டில் பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கென்றே சர்வதேசக் குழந்தைப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. ஏக்ரோ என்ற காவல்துறை ஆவண அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். உங்களிடம் அதைக் கேட்காத இல்லம் உங்களுக்கு முன்னால் வந்தவரிடமும் கேட்டிருக்காது. அடுத்து வரப்போகிறவரிடமும் கேட்காது. பிள்ளைகளைச் சீரழிக்க நினைப்பவன் தேடுவதும் அப்படிப்பட்ட இடத்தைத்தான்.

கடைசியாக அந்த ‘அப்பா அம்மா இல்லாத’ 22 பேர். நேபாள இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் சுமார் 85 விழுக்காட்டினருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஹும்லா மாதிரி எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். “காத்மாண்டுவில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம்” என்று சொல்லி, பெற்றவர்களிடமே பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். பெயரை மாற்றி, பெற்றோர் இறந்துவிட்டதாகப் பொய்ச் சான்றிதழ் தயாரித்து, இல்லங்களில் சேர்த்தார்கள். போர் முடிந்தும் இது நிற்கவில்லை. இல்லங்களில் பெரும்பகுதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், சித்வன், பொக்காரா இருக்கும் காஸ்கி. எல்லாம் வெளிநாட்டுப் பயணிகள் வரும் மாவட்டங்கள். ஏழ்மை அதிகம் இருக்கும் மாவட்டங்களில் இல்லங்கள் குறைவு. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு, பெற்றோர் துணையில்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகவும், புதிய இல்லங்களைப் பதிவு செய்யவும் அரசு தடை போட்டது இதனால்தான்.

நீங்கள் கட்டும் கட்டணம் அந்தத் தரகரை அடுத்த கிராமத்துக்கு அனுப்பும்.

செல்வநாயகி:

கார்த்திகேயன் சொல்லாத ஒன்று. அந்த இல்லம் சட்டப்படி சரியாகவே நடந்தாலும் நான்கு வாரம் என்பது பிள்ளைக்கு நல்லதல்ல.

இப்படிப்பட்ட இல்லத்துக்குள் நுழைந்ததும் 5 வயதுப் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். பெயர்கூடத் தெரியாதவரின் மடியில் ஏறி உட்காரும், வாட்சைக் கழற்றிப் பார்க்கும், கிளம்பும்போது விரலை விடாது. வந்தவருக்கு நெஞ்சு உருகும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை புதிய ஆளைப் பார்த்தால் என்ன செய்யும்? அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். யாரிடமும் ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, நிலையாக ஒருவர்மீது பற்று வைக்க வாய்ப்பே கிடைக்காத பிள்ளை. மாதம் ஒரு ‘அக்கா’ வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தக் காயம்தான் திரும்பத் திரும்பக் கிளறப்படும்.

ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் பற்றுறவிலும் முன்னேறினார்கள், குறிப்பாக 2 வயதுக்குள் போனவர்கள். பிள்ளைக்கு வேண்டியது மாறாத ஓர் ஆள்.

மலர்விழி:

இருவருக்கும் நன்றி. முன்பணம் இன்னும் கட்டவில்லை, இனிக் கட்டவும் மாட்டேன். ஆனால் அந்த 22 பிள்ளைகள் இப்போது அங்கேதானே இருக்கிறார்கள்? எல்லோரும் ஒதுங்கிக்கொண்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அருளானந்தம்:

நியாயமான கேள்வி தங்கச்சி. பிள்ளைகளைச் சொந்த வீட்டில் சேர்க்கும் வேலையை நேபாளத்தில் உள்ளூர்க்காரர்கள் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். 2018-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டமும் அவர்கள் பக்கம் நிற்கிறது. முதலில் தாய்வழி, தந்தைவழி உறவினர், பிறகு வளர்க்க முன்வரும் வேறு குடும்பம், எதுவும் கிடைக்காவிட்டால் மட்டுமே இல்லம் என்கிறது அது.

வேலை தொடங்குவது பிள்ளையின் பேச்சிலிருந்து. கோப்பில் இருக்கும் பெயரும் ஊரும் பொய்யாக இருக்கலாம். “வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு இருந்ததா? பாட்டியை எப்படிக் கூப்பிடுவாய்? என்ன திருவிழா?” என்று பல நாள் பழகிக் கேட்டுத்தான் ஊரைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு ஓர் ஊழியர் பிள்ளையின் படத்தோடு புறப்படுவார். ஹும்லா என்றால் நேபாள்கஞ்ச் நகரத்திலிருந்து அந்த மாவட்டத்தின் தலைநகரான சிமிகோட்டுக்குச் சிறு விமானம், அங்கிருந்து நடை. பெற்றோர் கிடைத்ததும் கையோடு ஒப்படைத்துவிட மாட்டார்கள். ஏன் அனுப்பினார்கள், வீட்டில் குடியோ அடியோ உண்டா, பள்ளி எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். அடுத்து போனில் பேச்சு, பெற்றோர் வந்து பார்ப்பது, விடுமுறைக்கு வீட்டுக்குப் போய் வருவது, அதற்குப் பிறகே நிரந்தரமாக அனுப்புவது.

பெரும்பாலும் சறுக்குவது இதற்கு அப்புறம்தான். காத்மாண்டுவில் ஆங்கில வழியில் படித்த பிள்ளை கிராமத்து அரசுப் பள்ளியில் நேபாளி வழியில் திணறும். வீட்டில் பேசும் பாஷை மறந்திருக்கும். தண்ணீர் தூக்கவும் ஆடு மேய்க்கவும் பழக்கமிருக்காது. பெற்றோருக்கோ “படிப்பு பாதியில் நின்றுபோச்சே” என்ற குறை. தொடர்ந்து போய்ப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் பிள்ளை மறுபடி நகரத்துக்கே வந்துவிடும்.

உங்கள் ஆசிரியத் தொழில் உதவும் இடம் இதுதான். வீடு திரும்பும் பிள்ளைகள் கிராமத்துப் பள்ளியோடு ஒத்துப்போக இணைப்புப் பாடம் நடத்தும் நேபாள ஆசிரியர்களுக்கு, கலப்பு வயது வகுப்பை எப்படி நடத்துவது, படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் நிலையை எப்படி அளப்பது என்று பயிற்சி கொடுங்கள். லண்டனில் இருந்தபடி இணையத்திலேயே செய்யலாம். இந்த வேலை செய்யும் உள்ளூர் அமைப்புகள் தங்கள் அறிக்கையை ஆங்கிலத்தில் திருத்திக்கொடுக்கவும் ஆள் தேடும். பிள்ளைகளிடம் நேரே போகவே வேண்டாம்.

கார்த்திகேயன்:

பிள்ளைகளை வீடு சேர்க்கும் அமைப்புக்குப் பணம் அனுப்புவதாக இருந்தால் முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்: போன ஆண்டு எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், அவர்களை எத்தனை மாதம் தொடர்ந்து பார்த்தீர்கள்? எண்ணிக்கையோடு பதில் வந்தால் நல்லது. பிள்ளைகளின் சிரித்த முகப் படங்கள் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள்.

இதைப் படிப்பவர்களில் யாராவது ஏற்கெனவே ஓர் இல்லத்துக்கு மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்தால், திடீரென்று நிறுத்திவிட வேண்டாம். சாப்பாட்டில் கைவைப்பார்கள், அல்லது பிள்ளைகளை இரவோடு இரவாக வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். வீடு சேர்க்கும் திட்டத்தை எழுத்தில் கேட்டு, காலக்கெடு வைத்து, பணத்தை அந்த வேலைக்கு மாற்றுங்கள்.

செல்வநாயகி:

நேபாளத்தில் இருக்கும்போது ஓர் இல்லத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் 1098 குழந்தை உதவி எண்ணில் சொல்லுங்கள். காணாமல் போன பிள்ளை என்றால் 104. நீங்களே உள்ளே போய்த் துப்பறிய வேண்டாம், பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்துப் போடவும் வேண்டாம். அந்தப் படத்தை வைத்துத் தரகர் உஷாராகிவிடுவார்.

என்ன வாங்கிப் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். பொம்மை, சாக்லேட் எதுவும் வேண்டாம். நோட்டு, பென்சில், கம்பளிச் சட்டை எல்லாம் நேபாளக் கடைகளிலேயே கிடைக்கும். அந்தக் காசை வீடு திரும்பிய பிள்ளையின் பள்ளிச் செலவுக்கென்று குறிப்பிட்டு, அருளானந்தம் சொன்ன மாதிரி வேலை செய்யும் உள்ளூர் அமைப்புக்கு அனுப்புங்கள். சீருடையும் புத்தகமும் அப்பா அம்மா கையால் பிள்ளைக்குப் போய்ச் சேரட்டும்.