பணியிட மன அழுத்தத்தை ஆராயப் போன இடத்தில் நேர்ந்தவை: ஓர் அனுபவப் பகிர்வு

கோவை, சமூகப்பணி முதுகலை படித்தவர்

பணியிட மன அழுத்தத்தைப் பற்றி ஆய்வு செய்தவர்களும், அத்தகைய ஆய்வுக்கு உட்கார்ந்து பதில் சொன்னவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டுக்காக, கோவைக்கு வெளியே உள்ள ஒரு நூற்பாலையில் அறுபது பெண் தொழிலாளர்களிடம் படிவம் நிரப்பி வாங்கினேன். உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1983-இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவம் அது. கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை மனம் நிலைகுலைந்தது, எத்தனை முறை காரியங்கள் கைமீறிப் போவதாகத் தோன்றியது என்றெல்லாம் கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 40. ஆலை நிர்வாகம் அனுமதி கொடுத்ததோடு பயிற்சி அறையையும் ஒதுக்கித் தந்ததால், வேலை எளிதாகிவிட்டதென்று மகிழ்ந்தேன். பகல் ஷிப்ட் முடிந்த பெண்கள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடியே வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பணியாளர் அலுவலர் பின்வரிசையில் நாற்காலியைப் போட்டு அமர்ந்துகொண்டார். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாற்பது நிமிடத்தில் அறுபது படிவங்களும் என் பைக்குள் வந்துவிட்டன.

அன்றிரவு மதிப்பெண்ணைக் கூட்டத் தொடங்கியபோது, பாதிக்கும் மேற்பட்ட படிவங்களில் மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் டிக் விழுந்திருப்பதைக் கண்டேன். இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். எந்த வகுப்பிலும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. பத்துக் கேள்விகளில் நான்கு, சொந்தப் பிரச்சினைகளைச் சமாளிக்கும் நம்பிக்கை இருந்ததா என்பது போன்ற நல்ல விதமான கேள்விகள். அவற்றுக்கு மட்டும் மதிப்பெண்ணைத் தலைகீழாக மாற்றிக் கூட்ட வேண்டும். ஆகவே எல்லாக் கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்று குறித்தவருக்கு 16 வரும். எல்லாவற்றுக்கும் 'மிக அடிக்கடி' என்று குறித்தவருக்கு 24 வரும். நடுக்கட்டத்திலேயே குறித்துக்கொண்டு போனவருக்கு 20. ஆய்வேடுகளில் வழக்கமாகக் கையாளும் பிரிவின்படி 14 முதல் 26 வரை பெற்றவர்கள் நடுத்தர மன அழுத்தம் உடையவர்கள். ஒரு கேள்வியைக்கூடப் படிக்காமல் நேர்கோடாக டிக் போட்ட ஒவ்வொருவரும், எந்தக் கட்டத்தில் போட்டிருந்தாலும், அந்தப் பிரிவுக்குள்தான் வந்து விழுவார்கள். 'பெரும்பாலான பணியாளர்கள் நடுத்தர அளவிலான மன அழுத்தத்துடன் உள்ளனர்' என்ற வரியை எங்கள் துறை நூலகத்தில் எத்தனையோ ஆய்வேடுகளின் கடைசி அத்தியாயத்தில் படித்திருக்கிறேன். இப்போது அந்த வரியைக் கண்டால், நிரப்பிய படிவங்களை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்றே தோன்றுகிறது.

மறுவாரம் ஆலைக்குள் போகவில்லை. ஆலைப் பேருந்து வந்து நிற்கும் புளியமரத்தடி டீக்கடையில் உட்கார்ந்தேன். நாற்பது வயதை நெருங்கிய ஓர் அக்காவிடம், "வேலையில மன அழுத்தம் இருக்குதுங்களா?" என்று கேட்டபோது, அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அதெல்லாம் படிச்சவங்களுக்குங்க தம்பி. எங்களுக்கு மேலு வலிக்கும், தலை பாரமா இருக்கும், முழு நைட்டு வாரத்துல கண்ணு மூடினாலும் தூக்கம் வராது, அவ்வளவுதானுங்க" என்றார். நான் படிவத்தில் தேடியதெல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது. அதன்பின் சொல்லை மாற்றினேன். 'மன அழுத்தம்' என்பதை விட்டுவிட்டு, எந்த ஷிப்டில் தூக்கம் கெடுகிறது, எப்போது எரிச்சல் வந்து பிள்ளைகளை அடிக்கத் தோன்றுகிறது, யாருடைய குரல் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது என்று கேட்கத் தொடங்கினேன்.

அந்த அக்கா சைடர் வேலை பார்ப்பவர். நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃப்ரேம் ஓடிக்கொண்டே இருக்கும். இழை அறுந்த இடத்துக்கு ஓடிப்போய் விரலால் ஒட்டிவிட்டு இயந்திரத்தின் அடுத்த சைடுக்கு நடக்க வேண்டும். முன்பு பார்த்ததைவிட இப்போது கூடுதல் சைடுகளைக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்காட்டி விரலின் ஓரத்தில் நூல் அறுத்த கோடுகளைக் காட்டினார். பேச்சோடு பேச்சாக, "ஷிப்டுல தண்ணி அதிகமா குடிக்க மாட்டோமுங்க" என்றும் சொன்னார். அதை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். வேலையின் நெருக்கடி ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போக, அந்த வேலையை எப்படி, எந்த வேகத்தில் செய்வதென்று முடிவெடுக்கும் உரிமை மறுபக்கம் இல்லாமலே இருந்தால் மனம் சோர்ந்து நொறுங்கும் என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதியதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அது எதைப் பற்றியதென்று அந்த விரலைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

மதுரைப் பக்கம், செவிலியர்

நான் ஆய்வு செய்தவள் அல்லள், ஆய்வுக்கு உட்பட்டவள். எங்கள் மருத்துவமனைக்கு ஒரு மாணவி வந்தார். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் உருவாக்கி 1981-இல் வெளியான பணிச்சோர்வு அளவுகோல் என்று சொல்லி இருபத்திரண்டு வாக்கியங்கள் கொண்ட தாளைக் கொடுத்தார். மனம் வறண்டு போதல், நோயாளியிடம் ஒட்டுதல் அற்றுப்போதல், செய்த வேலையில் நிறைவு இல்லாமை என மூன்றையும் அது அளக்கும். நோயாளிகளை மனிதர்களாக அல்லாமல் பொருள்களைப் போல நடத்துகிறேன் என்ற கருத்துள்ள ஒரு வாக்கியத்தில் என் பேனா நின்றுவிட்டது. இருபது வருடப் பணியில் யாரையும் நான் அப்படி நடத்தியதில்லை என்று எழுதத்தான் கை போனது. ஆனால் முதல் நாள் இரவு மூன்று மணிக்கு, "பதினாலாம் பெட்டுக்கு ட்ரிப் முடிஞ்சிருச்சு, மாத்துமா" என்று நானே சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பெட்டில் படுத்திருந்த அம்மாவின் பெயர் எனக்கு அப்போதும் தெரியாது. தாளைக் கையில் வைத்திருந்தபோதும் தெரியவில்லை. ஒரே ஆளாக ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும் இரவில் பெயர்கள் எண்களாகிவிடுகின்றன. நான் எதையும் குறிக்காமல் அந்த வரியைத் தாண்டிப் போனேன்.

மாணவி அதைக் கவனித்துவிட்டு, "விட்டுப் போச்சா அக்கா, இல்ல வேணும்னே விட்டீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் குற்றம் சாட்டும் தொனி இல்லாததால் நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சொல்லத் தொடங்கினார்கள். விடுபட்ட கேள்விகளை 'முழுமையற்ற படிவம்' என்று ஒதுக்கித் தள்ளும் ஆய்வாளர்கள், அந்த வெற்றிடத்தில் யாரோ ஒருவர் பொய் சொல்ல மறுத்திருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். ஆய்வு முடிவுகள் மேலே போன பிறகு எங்களுக்குக் கிடைத்தது அரை நாள் யோகா வகுப்பு. அதுவும் வார விடுப்பு நாளில். பணிச்சோர்வு என்பது நோயன்று, சரியாகக் கையாளப்படாமல் நீண்டுகொண்டே போகும் பணியிட அழுத்தத்திலிருந்து வரும் ஒரு தொழில்சார் நிலை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கம் கொடுத்தது. நிலை வேலையிலிருந்து வருகிறதென்றால் மருந்தையும் வேலையில்தானே தேட வேண்டும்? இரவுப் பணிக்கு இன்னும் ஒருவரைப் போட்டிருந்தால் பதினாலாம் பெட்டுக்காரரின் பெயர் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஓய்வுபெற்ற நடத்துநர்

எங்கள் பணிமனைக்கு ஆய்வு செய்ய வந்தவர்கள் பொங்கல் முடிந்த பத்தாம் நாள் வந்தார்கள். சிறப்புப் பேருந்துகளில் தூக்கமில்லாமல் ஓடி, இரட்டை டூட்டி பார்த்து, கூட்டத்தில் டிக்கெட் விடுபட்டதற்காகச் செக்கிங்கில் மெமோவும் வாங்கிய மாதம் அது. 'கடந்த ஒரு மாதத்தில்' என்று கேட்டால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம்? அதே தாளை ஆடி மாதத்தில் கொடுத்திருந்தால் வேறொரு பணிமனையைப் போலத் தெரிந்திருப்போம். எந்த மாதம் கேட்கிறீர்கள் என்பதையும் முடிவோடு சேர்த்து எழுதுங்கள்.

பொறுப்பு கூடக்கூட டென்ஷனும் கூடும், ஆகவே அதிகாரிகளுக்குத்தான் நெஞ்சுவலி வரும் என்று எங்கள் மேலாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார். சங்கக் கூட்டத்தில் ஒரு மருத்துவர் விளக்கிய பிறகே அது அப்படி இல்லை என்று தெரிந்துகொண்டேன். பிரிட்டனின் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்களே உயரதிகாரிகளைக் காட்டிலும் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1985-இல் மைக்கேல் மார்மோட் தலைமையில் தொடங்கிய இரண்டாவது சுற்றில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் பின்தொடர்ந்து, தன் வேலையின்மீது தனக்குப் பிடி இல்லாமையும் அதற்கு ஒரு காரணம் என்று காட்டினார்கள். சில்லறை இல்லாத பயணி, வசூல் குறைந்த டிரிப், நேரம் தவறினால் கேள்வி. இவற்றில் எதன்மீது நடத்துநருக்குப் பிடி இருக்கிறது?

சென்னை, மனிதவளத் துறையில் இருப்பவர்

நான் மேசைக்கு மறுபக்கத்தில் இருப்பவள். முன்பு பணியாற்றிய ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆண்டுதோறும் பணியாளர் நலக் கணக்கெடுப்பு நடத்தினோம். பெயர் கேட்க மாட்டோம், யார் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது என்று மின்னஞ்சலில் உறுதி கொடுத்தோம். அந்த உறுதியை எழுதியவளே நான். ஆனால் முடிவுகளைக் குழுவாரியாகப் பிரித்து மேலாளர்களுக்கு அனுப்பியபோது, நான்கே பேர் உள்ள ஒரு குழுவும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த நால்வரில் ஒருவர்தான் பெண். மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவர். கருத்துப் பகுதியில் 'மாலை ஆறு மணிக்குப் பிறகு வைக்கும் தொலைபேசிக் கூட்டங்களால் வீட்டைக் கவனிக்க முடியவில்லை' என்று இருந்த வரியை யார் எழுதியிருப்பார் என்று கண்டுபிடிக்க மேலாளருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் அவரைத் தனியே அழைத்து, "என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் என் இருக்கைக்கு வந்து நின்று, "யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே மேடம்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஆண்டு அந்தக் குழுவின் நால்வரும் எல்லாவற்றுக்கும் 'மிகவும் திருப்தி' என்று குறித்திருந்தார்கள்.

ஜப்பானில் 2015 டிசம்பர் முதல், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை மன அழுத்தப் பரிசோதனை நடத்துவது சட்டப்படி கட்டாயம் என்பதைப் பின்னர் படித்தேன். முடிவு தொழிலாளியின் கைக்கே போகும். அவர் சம்மதிக்காமல் நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது. பிரிவுவாரியாகத் தொகுக்கும்போதும் பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவுகளைத் தனித்துக் காட்டுவதற்குத் தடைகள் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் அந்தப் பெண் உண்மையைச் சொன்னதற்காக வருந்த நேர்ந்திருக்காது. இப்போது இருக்கும் நிறுவனத்தில் பத்துப் பேருக்குக் குறைந்த எந்தக் குழுவின் முடிவையும் நான் பிரித்துக் கொடுப்பதில்லை. இரண்டு முறை மேலிடத்தோடு வாதிட்டுத்தான் இதை நிலைநிறுத்த முடிந்தது.

ஜவுளிக்கடையில் ஆய்வு செய்த மாணவி

சுருக்கமாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்கள் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் வந்த பிறகு, அது விற்பனைப் பெண்களின் நலனை எப்படி மாற்றியிருக்கிறது என்று பார்க்கப் போனேன். முதல் கடையில் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் மடித்த சேலைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் அளவுகோலை எடுக்காமல், "இன்னிக்கு எத்தனை தடவை உட்கார்ந்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பெண் கணுக்காலைத் தடவிக்கொண்டே யோசித்து, "சாப்பிடும்போது ஒரு தடவைக்கா" என்றார். அந்த ஒரு கேள்வியையே என் ஆய்வின் முதல் கேள்வியாக வைத்துக்கொண்டேன்.

கோவை, சமூகப்பணி முதுகலை படித்தவர்

அனைவருக்கும் நன்றி. செவிலியர் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, முன்பு நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். டீக்கடையில் பேசியவர்களில் ஒரு பெண், தூக்கத்தைப் பற்றிய கேள்வியிலேயே அழத் தொடங்கிவிட்டார். என் கையில் தாளும் பேனாவும் இருந்தன, வேறொன்றும் இல்லை. அழுகை வந்தால் என்ன செய்வது என்று நான் ஆயத்தம் செய்துகொண்டு போகவே இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவைப் பற்றி எனக்கு அன்று நாளும் நேரமும் தெரியாது. மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண்ணான 14416 அப்போது வந்திருக்கவில்லை. அது 2022 அக்டோபரில்தான் தொடங்கியது. இந்தத் துறையில் ஆய்வுக்குப் போகும் மாணவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: அந்த எண்ணையும், அருகிலுள்ள மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கும் நாளையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு, அதன் பிறகு படிவத்தை எடுங்கள்.

ஆய்வேட்டின் வரைவு முடிந்ததும், புளியமரத்தடிக்குப் போய் அந்தச் சைடர் அக்காவிடம் முடிவுகளை வாசித்துக் காட்டினேன். பேருந்து வரும்வரை பொறுமையாகக் கேட்டார். அட்டவணைகளுக்குத் தலையாட்டினார். கடைசியில், "நாங்க ஏன் தண்ணி குடிக்கறதில்லைன்னு எழுதலீங்களா தம்பி?" என்றார். நான் விழித்தேன். "பாத்ரூம் போனா மிசினு நிக்காதுங்க. வரதுக்குள்ள இழை அத்தனையும் அந்து கிடக்கும். அதனாலதான் குடிக்கறதில்லை" என்றார். நோட்டின் ஓரத்தில் குறித்ததை நான் ஆய்வேட்டுக்குள் கொண்டுவரவில்லை. ஏன் என்றும் அவரிடம் அன்று கேட்டிருக்கவில்லை. அன்றிரவே மற்ற பெண்களிடம் கேட்க வேண்டிய புதிய கேள்வியாக அதை எழுதி, மறுநாள் பகல் ஷிப்ட் விடும் நேரத்துக்கு மீண்டும் அதே மரத்தடிக்குப் போனேன்.