புதுப்பிப்பு: ஏஜென்ட் தவறான பட்டனை அழுத்தியதற்குக் காரணம் கிடைத்தது

பக்கம் மாறிய பிறகும் என் பிரவுசர் ஏஜென்ட் (இணையப் பக்கங்களைத் தானே இயக்கும் AI நிரல்) பழைய எலிமென்ட் எண்ணை (பக்கத்தில் உள்ள பட்டன் போன்ற ஒவ்வொரு உறுப்புக்கும் தரப்படும் எண்) வைத்தே கிளிக் செய்து, வேறு பட்டனை அழுத்துகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கோளாறு ஏஜென்ட்டை இயக்கும் AI மாடலில் இல்லை, அது பயன்படுத்தும் டூல்களுக்கு (கிளிக் செய்வது போன்ற வேலைகளுக்கான கருவிகள்) நான் எழுதிய விளக்கத்தில்தான். கிளிக் டூலுக்கு "எலிமென்ட்டை அழுத்தும்" என்று ஒரே வரிதான் வைத்திருந்தேன். அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதுவரை செல்லுபடியாகும் என்று சொல்லாவிட்டால் மாடலுக்கு எப்படித் தெரியும்?

இப்போது இப்படி மாற்றிவிட்டேன் (ஸ்னாப்ஷாட் என்பது அந்த நேரத்தில் பக்கத்தில் உள்ள எலிமென்ட்களை எண்களோடு காட்டும் பதிவு): "கடைசி ஸ்னாப்ஷாட்டில் உள்ள எண்ணை மட்டும் கொடு. பக்கம் மாறினால் பழைய எண்கள் செல்லாது. புதிதாக ஸ்னாப்ஷாட் எடு."

அப்புறம், பிழைச் செய்தியிலும் இதையே சொல்ல வைத்தேன். வெறும் 'தோல்வி' என்று வந்தபோது ஏஜென்ட் அதே கிளிக்கைத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தது. டிராப்டவுனில் (அழுத்தினால் விரியும் தேர்வுப் பட்டியலில்) மட்டும் இன்னும் தடுமாறுகிறது. அதற்குத் தனி டூல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.