அம்மம்மா வீடு, கோண்டாவில்: சனிக்கிழமை என்ன படம்?

பெரியம்மா: எல்லாரும் பாருங்கோ. அம்மான்ர 80 சனிக்கிழமை. இரவுச் சாப்பாடு முடிய முத்தத்தில படம் போடுறதெண்டு முடிவு. என்ன படமெண்டு இண்டைக்கே சொல்லுங்கோ. நாளையில இருந்து சின்னவனுக்கு ரியூசன்

லண்டன் சித்தி: ஆர் முடிவெடுத்தது

பெரியம்மா: நீ வேலையில நிண்டனி

ரொறன்ரோ மாமா: நல்லது

சின்ன மாமா: அக்கா, இதை நான் கொஞ்சம் விளக்கமாச் சொல்லவேணும். எனக்குப் படமெண்டால் அதில ஒரு ஆள் தன்ர தொழிலை முழுசாச் செய்யிறதைக் காட்டவேணும். காதலோ சண்டையோ மர்மமோ, எதுவெண்டாலும் பரவாயில்லை. கதாநாயகன் என்ஜினியர் எண்டு சொல்லிப்போட்டு, படம் முடியுமட்டும் அவர் ஒரு கல்லைக்கூடத் தொடாட்டில் எனக்கு மனம் ஒட்டாது. அதால என்ர தெரிவு பாலு மகேந்திராவின்ர ‘வீடு’. 1988இல வந்தது

லண்டன் சித்தி: தொடங்கீட்டார்

சின்ன மாமா: ஆள் எங்கட மட்டக்களப்பு, அமிர்தகழி. இயக்கம், கமரா, எடிற்றிங் மூண்டும் அவர்தான். ஒரு பாட்டும் இல்லை. வேலைக்குப் போற ஒரு பெட்டை வீடு கட்டத் தொடங்கிறாள், அவ்வளவுதான் கதை. ஆனால் அத்திவாரம், கடன், கந்தோர் கந்தோரா அலையிறது, சீமெந்தைக் களவா விக்கிற கொந்துறாத்துக்காரன், அதைக் கண்டு வாய் திறக்கிற கூலிக்காரப் பொம்பிளை, எல்லாத்தையும் அவசரப்படாமல் காட்டுவார். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைச்சது அதுக்குத்தான். 96இல திரும்பி வந்து ஓடில்லாத வீட்டுக்கு ஓடு போட்ட ஆக்கள் நாங்கள். இந்த முத்தத்தில இருந்து பார்க்கவேண்டிய படம் அது

பெரியம்மா: அதில கிழவன் சாகிறார் எல்லோ

சின்ன மாமா: ஓம் அக்கா. பேத்தியின்ர அரைகுறை வீட்டைப் பார்த்திட்டு வந்துதான். சொக்கலிங்க பாகவதர். அவர் அந்த வீட்டைச் சுத்திப் பார்க்கிற இடம் மாதிரி ஒண்டு தமிழ்ப் படத்தில இல்லை

பெரியம்மா: 80ஆவது பிறந்தநாளுக்குச் செத்தவீடு காட்டப்போறியோ

மாமி: நானும் உதைத்தான் காலமை சொன்னனான்

சின்னவன்: பேய்ப்படம் போடுவமா

பெரியம்மா: கொடியேறி நிக்குது. நல்லூரான் திருவிழாவுக்க பேயோ

ரொறன்ரோ மாமா: அப்ப மச்சமும் இல்லையோ

பெரியம்மா: கேக்கிற கேள்வியைப் பார். இடியப்பம், சொதி, சம்பல், மரக்கறி றோல்ஸ்

லண்டன் சித்தி: றோல்ஸ் ஆர் சுடுறது

மாமி: கடையில சொல்லியாச்சு. ஆரும் என்னை எதிர்பார்க்கவேண்டாம்

சின்ன மாமா: சின்னவா, உனக்கு நெஞ்சு பதைக்கவேணும், அவ்வளவுதானே? அதுக்குப் பேய் தேவையில்லை. ‘அந்த நாள்’ பார். 1954. தொடங்கேக்கயே சிவாஜி சூடு பட்டுச் செத்துக் கிடப்பார். ஆர் சுட்டது எண்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமாச் சொல்லச் சொல்ல, செத்தவனே எங்களுக்கு மாறி மாறித் தெரிவான். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை. தமிழில பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் அதுதான். எடுத்தவர் ஆர் தெரியுமோ? வீணை வித்துவான் பாலச்சந்தர். சங்கீதம் தெரிஞ்ச மனிசனாலதான் எந்த இடத்தில சங்கீதம் வேண்டாமெண்டு துணிஞ்சு சொல்ல ஏலும்

சின்னவன்: கறுப்பு வெள்ளையோ

சின்ன மாமா: ஓம்

சின்னவன்: சரி மாமா

பெரியம்மா: திருப்பியும் சாவு

லண்டன் சித்தி: வேற தெரியாதோ சின்னண்ணைக்கு

சின்ன மாமா: தெரியும். எங்கட யாழ்ப்பாணத்துக் கதையே இருக்கு, ‘பொன்மணி’. எடுத்தவர் தர்மசேன பத்திராஜ, சிங்களவர். இஞ்ச கம்பஸில படிப்பிச்சவர். சீதனம் இல்லாமல் தமக்கை வீட்டில இருக்க, தங்கச்சி வேற சாதிப் பெடியனோட வெளிக்கிடுறா. எங்கட வீடுகளுக்குள்ள ஆரும் வாய் திறக்காத கதையை வெளியில இருந்து வந்த ஒருத்தர் எடுத்திருக்கிறார்

லண்டன் சித்தி: [இந்தச் செய்தி அழிக்கப்பட்டது]

பெரியம்மா: நான் வாசிச்சிட்டன்

ரொறன்ரோ மாமா: பழசை விடுங்கோ பிள்ளையள்

லண்டன் சித்தி: அம்மா எப்பவோ விட்டிட்டா. விடாத ஆக்கள் ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும் அண்ணை

சின்ன மாமா: பிள்ளை, நான் படத்தைத்தான் சொன்னனான். அந்தப் படம் தங்கச்சியின்ர பக்கம் நிண்டு பார்க்குது. அதாலதான் எனக்கு அது விருப்பம்

லண்டன் சித்தி: சரி

பெரியம்மா: இடியப்பம் ஆளுக்கு எத்தினை எண்டு சொல்லுங்கோ முதல்

சின்னவன்: அம்மம்மா பக்கத்தில இருக்கிறா. சிவாஜி நாதஸ்வரம் ஊதுற படம் இருக்கோ எண்டு கேக்கிறா

சின்ன மாமா: இருக்கு! ‘தில்லானா மோகனாம்பாள்’, 1968. அம்மா கேட்டாப் பிறகு வேற கதையில்லை. நான் சொன்ன தொழில் அதிலதான் நிறைய இருக்கு. வாசிச்சது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர். ஆனால் சிவாஜியின்ர கன்னம் உப்புறது, மூச்சு எடுக்கிறது, விரல் ஓடுறது, ஒண்டும் பிசகாது. பாலையா தவில் அடிக்கேக்க அந்தத் தோளைப் பாருங்கோ. இணுவில்ல பிறந்த தட்சிணாமூர்த்தியின்ர தவிலைக் கேட்டு வளந்த ஊர் ஆக்களுக்குக் கள்ள அடி காட்ட ஏலாது, உடன பிடிச்சிடுவினம். பத்மினி ஆடேக்கயும் அப்பிடித்தான். அது ரெண்டு வித்துவான்மாரின்ர போட்டி, காதல் அதுக்குள்ளால வருது

லண்டன் சித்தி: மனோரமாவை விட்டிட்டீங்கள். ஜில் ஜில் ரமாமணி

சின்ன மாமா: விடுவனோ பிள்ளை. அந்தப் படத்தில மற்றவைக்காக அழுற ஒரே ஆள் அவதான்

பெரியம்மா: அப்பாவோட வின்சர் தியேட்டரில பார்த்தது

ரொறன்ரோ மாமா: மனோகரா

பெரியம்மா: வின்சர். திரும்பி வரேக்க நீ சைக்கிள் பாறில நித்திரை

ரொறன்ரோ மாமா: அப்ப உனக்கு என்ன வயசு. மனோகராதான்

சின்னவன்: அம்மம்மா சொல்லுறா ரெண்டும் இல்லையாம். ராணியாம்

மாமி: எத்தினை மணித்தியாலம் ஓடும்

சின்ன மாமா: மூண்டுக்குக் கிட்ட

மாமி: நுளம்புக்க?

சின்னவன்: ஒரு மணிக்கு முதல் முடியாது. பாட்டு மட்டும் போடுவமா? நலந்தானா

சின்ன மாமா: வெட்டி ஒட்டிக் காட்டுறதுக்கு நான் ஒப்புக்கொள்ளமாட்டன். நலந்தானா தனியப் பார்த்தால் நல்ல பாட்டு. ஆனால் மேளக்காரன் காயப்பட்டு எழும்பி வந்து வாசிக்கிறான், சபைக்கு நடுவில அவள் ஆடி ஆடியே சுகம் விசாரிக்கிறாள் எண்டது முன்னால இருந்து பார்த்தவைக்குத்தான் நெஞ்சில படும். அம்மாவுக்கு முழுசாக் காட்டவேணும்

பெரியம்மா: பத்து மணிக்கு அம்மா படுத்திடுவா

சின்ன மாமா: அப்ப ஆறரைக்குத் தொடங்குவம்

பெரியம்மா: ஆறரைக்கு விளக்கு வைக்கிற நேரம். கோயிலுக்குப் போன சனமும் திரும்பாது

சின்னவன்: இருட்டாமல் புறொஜெக்ரர் தெரியவும் மாட்டுது

சின்ன மாமா: சின்னாக்களுக்கு முதல்ல ‘காதலிக்க நேரமில்லை’யில ஒரு கட்டம் போடுவம். நாகேஷ் பாலையாவுக்குப் படக்கதை சொல்லுறது. 1964இல எடுத்தது. கதிரையில இருக்கிற ஒரு ஆளின்ர முகத்தையும் சத்தத்தையும் வைச்சே பயத்தையும் சிரிப்பையும் ஒண்டாக் கொண்டு வந்திருக்கிறார் ஸ்ரீதர். சின்னவன் கேட்ட பேயும் அதில வருது

லண்டன் சித்தி: வெட்ட மாட்டனெண்டு இப்பத்தானே சொன்னீங்கள்

சின்ன மாமா: பகிடிக் கட்டம் தனிய நிக்கும் பிள்ளை. பாட்டு அப்பிடி நிக்காது

ரொறன்ரோ மாமா: எதில காட்டப்போறியள்

சின்னவன்: வேட்டி கட்டி

மாமி: சோளகக் காத்து அடிக்கிற அடிக்கு சிவாஜியும் சேர்ந்து ஆடுவார்

சின்ன மாமா: கிழக்கு மதில்ல விழுத்துவம். வெள்ளை அடிச்சால் நல்லாத் தெரியும்

ரொறன்ரோ மாமா: அது என்ர காசில கட்டின மதில். அடிக்கிறதெண்டால் அடியுங்கோ. ஆனால் ரெண்டு அடி உள்ளுக்கு வந்திருக்கெண்ட கதைக்கு இன்னும் ஆரும் மறுமொழி சொல்லேல்லை

பெரியம்மா: அதைத் திருவிழா முடியக் கதைப்பம்

ரொறன்ரோ மாமா: போன வருசமும் உதைத்தான் சொன்னனீ

லண்டன் சித்தி: சின்னண்ணை, வீடு படத்தை எனக்கு அனுப்புங்கோ. நான் இஞ்ச பார்க்கிறன்

சின்ன மாமா: அனுப்புறன் பிள்ளை. ஒரே இருப்பில பார். இடையில ரெலிபோனைத் தூக்காதை

மாமி: ஜெனறேற்றர் ஆற்ற? போன சனியும் எட்டு மணிக்குக் கரண்ட் போனது

பெரியம்மா: முன்வீட்டில கேப்பம். கதிரையும் அங்கதான் இருக்கு

லண்டன் சித்தி: முன்வீட்டோட கதைக்கிறேல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்

பெரியம்மா: மாமி கேப்பா

மாமி: நானோ

சின்னவன்: பென் ட்ரைவில எதை ஏத்துறதெண்டு சொல்லுங்கோ. நான் படிக்கவேணும்

சின்ன மாமா: தில்லானா. முழுசு

பெரியம்மா: இடைவேளை மட்டும்